வந்தாச்சு

ஜூன் மாத முதல் வாரத்தில் எங்கள் பக்கத்தில் யாராவது ‘வந்தாச்சு’ என்று சொன்னால், எது வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மலையில் சாரல் இறங்கிவிட்டது, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று அர்த்தம். தென்காசி பஸ் ஸ்டாண்டில் டிரைவர்கள் ஒருவருக்கொருவர் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அந்த ஒரு சொல்தான் இருக்கும்.

வாக்கு எண்ணிய நாளன்று பிற்பகலில் நானும் அதைத்தான் போட்டேன். சாரலுக்காக அல்ல. தில்லியில் அவர் மறுபடியும் வந்துவிட்டதற்காக.

அவருடைய படம் போடவில்லை. பெயரோ கொடியோ போடவில்லை. பச்சை நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ‘வந்தாச்சு!’ அவ்வளவுதான். புரிகிறவர்களுக்குப் புரியட்டும் என்று நினைத்தேன். புரியாதவர்களுக்குப் புரியாமலே போகட்டும் என்றும் நினைத்தேன். இரண்டாவதை அப்போது எனக்கு நானே ஒப்புக்கொள்ளவில்லை.

சித்தப்பா ஒரு லட்டுப் படம் அனுப்பினார். என் தோழி ஜைனப் குடைப் படம் ஒன்றும் மழைத்துளிகள் மூன்றும் அனுப்பினாள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதிதான் முதல் தவறு.

தென்காசியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் வேலை பார்க்கிறேன். கூட்டமில்லாத நேரங்களில் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன். நான் பார்த்தேயிராத பனியில், நான் தொட்டேயிராத கம்பளிக்கோட்டுகளுக்குள் பாதி நாளைக் கழிப்பவள். ஜைனப் கடையநல்லூர்க்காரி. கண்ணாடிக்கு அளவெடுக்க வந்தவள், மேசை மேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்து, “இதுல கடைசில அவ செத்துப் போவா” என்றாள். மூன்று நாள் அவளைத் திட்டித் தீர்த்தேன். நான்காம் நாள் அவள் அதே எழுத்தாளரின் வேறொரு தடிப்புத்தகத்தோடு வந்தாள். தைப்பு விட்டு நடுவில் பிளந்திருந்தது. முதல் பாதியை நானும் பின்பாதியை அவளும் வைத்துக்கொண்டு படித்தோம். அவள் முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வந்தாள். அப்படித் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது.

இந்த வருடம் எங்கள் இரண்டு பேருக்கும் திருவனந்தபுரத்தில் இடம் கிடைத்திருந்தது. மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கக் கற்றுத்தரும் ஒரு வருடப் படிப்பு. ஜைனப்பின் வாப்பா முதலில் முடியாது என்றார். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். “வித்யா கூட ஒரே ரூம்புன்னா போ. இல்லேன்னா வீட்டுல இருந்து படி.” விடுதியில் எங்கள் அறையை வெள்ளிக்கிழமைக்குள் உறுதிசெய்ய வேண்டும். வாக்கு எண்ணியது செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஜைனப் போன் செய்தாள்.

“ஏட்டி, ரெடியாகு. மாடன் அண்ணாச்சி வேன எடுத்தாச்சு. உம்மா, மைனி, புள்ளைகள் எல்லாம் வாராக. இலத்தூர் விலக்குல வந்து நில்லு.”

“எங்க?”

“எங்கயா? குத்தாலத்துக்குத்தான். நீதான வந்தாச்சுன்னு போட்ட. உனக்குன்னு உம்மா எலுமிச்சஞ்சாதம் கிண்டியிருக்கு, தனிச் சட்டியில. கறி பட்ட கரண்டியத் தொடலயாம், சொல்லச் சொல்லுது.”

பின்னால் உம்மாவின் குரல் கேட்டது. குழந்தைகளின் கூச்சல் கேட்டது. நான் சொல்லியிருக்கலாம். ‘அது அந்த வந்தாச்சு இல்லை’ என்று நாலு சொல். “மாத்துத் துணி எடுத்துக்கிடுதேன்” என்றேன்.

அம்மா குளித்துவிட்டு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று மேற்கே பார்த்தேன். மலை உச்சியில் கொஞ்சம் மேகம் இருந்தது. இங்கே வெயில் அடித்தாலும் மலைக்கு மேலே பெய்து அருவியில் தண்ணீர் வந்துவிடுவதுண்டு. எங்கள் ஊர் இலத்தூரிலிருந்து மெயின் ரோட்டு விலக்கு வரைக்கும் ஆட்டோவில் போகும்போது, எப்படியாவது தண்ணீர் வந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். என் பொய்யை உண்மையாக்கித் தரும்படி ஒரு மலையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேனில் எனக்கு ஜன்னலோர இடம் ஒதுக்கியிருந்தார்கள். மைனியின் கணவர், ஜைனப்பின் அண்ணன் ஹுஸைஃபா, சவூதியில் தம்மாமில் இருக்கிறார். அவருடைய இரண்டு மகள்களும் ரப்பர் வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

குற்றாலத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் எங்கள் வேன் மட்டும்தான் நின்றது. அப்போதே தெரிந்துவிட்டது. நேந்திரங்காய் சிப்ஸ் கடைகளில் பாதி திறக்கவில்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் நான்கு பேர் நிழலில் உட்கார்ந்து தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“தண்ணி எப்படி இருக்கு அண்ணாச்சி?” என்று மாடன் கேட்டார்.

“அது அதும் பாட்டுக்கு மலைல இருக்கு” என்றார் ஒருவர். “இன்னும் பத்து நாளாவும். எண்ண தேய்ச்சுக்கிடுதீகளா? வந்ததுக்கு முதுகாவது நனையும்.”

பேரருவியில் பாறை முழுசாகத் தெரிந்தது. தண்ணீர் விழும் நாட்களில் மறைந்துபோகும், பாறையில் செதுக்கிய லிங்கங்கள் ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய அளவுக்கு வெளியே நின்றன. ஓரத்தில் ஒரு கோடு ஈரம். அதற்குக் கீழே ஒரு குரங்கு உள்ளங்கையைக் குவித்து நீட்டி வைத்துக்கொண்டிருந்தது.

“தண்ணி எங்க மாமி?” என்று சின்னவள் ஜைனப்பிடம் கேட்டாள்.

மாடன் என்னைப் பார்த்துச் சிரித்தார். “வந்தாச்சு வந்தாச்சுன்னியே தாயி, யாருக்கு வந்துது? உன் ஸ்டேட்டஸ நம்பில்லா டீசல் அடிச்சேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“அவளச் சொல்லாதீக” என்றார் உம்மா. “வித்யா பொய் சொல்ல மாட்டா. இலத்தூர்ல தூறியிருக்கும், புள்ள சந்தோசத்துல போட்டுட்டா. என்னட்டி, தூறிச்சுதானே?”

ஆமாம் என்று சொல்லக் கழுத்து அசையத் தொடங்கிவிட்டது. உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர். மூச்சு வாங்கியது. அருகில் யாரும் இல்லாத போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“தண்ணி இல்லாட்டியும் போவுது. நேத்து வீடு வீடா இல்ல கேட்டியா. டிவிய அமத்திப் போட்டுட்டு ஆளுக்கொரு பக்கமா உக்காந்திருந்தோம். அவுக வாப்பா கஞ்சி குடிக்கல. இவ கட்டில்ல சொவத்தப் பாத்துப் படுத்திருந்தா. சாயங்காலம் உன் வந்தாச்சப் பாத்துட்டுத்தான் எந்திரிச்சா. ‘உம்மா, சாரல் வந்துட்டு, நாளைக்கு எல்லாரும் போவோம், இதுக்குள்ளயே கெடந்தா பைத்தியம் பிடிச்சிரும்’ன்னா. வித்யாதான் நல்ல சேதி சொல்லுதான்னு அவுக வாப்பாவும் சிரிச்சாக.”

உம்மாவின் கை என் கையின் மேல் இருந்தது. என்னால் அதை எடுக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒரே செய்தி. என் வீட்டில் அம்மா அதற்காகக் கேசரி கிண்டினாள். அந்த வீட்டில் அதற்காகக் கஞ்சி ஆறிப்போயிருக்கிறது. நடுவில் என் சொல் ஒன்று போய், எதனால் அவர்கள் கலங்கியிருந்தார்களோ அதையே மருந்து என்று ஊட்டியிருக்கிறது.

ஜைனப் பாலத்துப் பக்கம் தனியாக நின்று போனில் பாறையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எழுந்து போனேன்.

“நான் சாரலப் போடல ஜைனப்.”

“பெறகு?”

“அவுக வந்ததப் போட்டேன்.”

“எவுக?”

நான் பெயரைச் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. போனைப் பையில் வைத்தாள். பிறகு சிரித்தாள்.

“அவுகளாம்ல! புருசன் பேரச் சொல்லக் கூச்சப்படுத மாதிரில்லா இருக்கு.”

“ஜைனப்.”

“எத்தன வருசமா?”

“ஏழெட்டு வருசமா.”

“என்னத் தெரியுறதுக்கு முன்னாலேருந்தே.” அவள் விரல்களை மடக்கி எண்ணினாள். நான்கு வருடத்தைக் கழித்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. “சரி சொல்லு. ஏன்? ஆனா ரோடு போட்டாக, ரயிலு விட்டாக, வெளிநாட்டுல நம்மள மதிக்காக, இதெல்லாம் சொல்லாத. அத டிவில கேட்டுக்கிடுதேன். உனக்கு ஏன்?”

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் கேட்கத் தேவையில்லை. வெளியே கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். அவள் காத்திருந்தாள்.

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அப்பா பால்வண்ணநாதன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கோயில் காரியங்களுக்கென்று இருந்த குடும்பம். விடியற்காலையில் கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுத்துவிட்டு நெற்றி நிறையத் திருநீற்றோடு பள்ளிக்குப் போவார். ஓய்வுபெற்ற நாளில் விழா நடத்தினார்கள். ஒருவர் மைக்கில், “நல்ல ஆசிரியர். மூடநம்பிக்கையை மட்டும் விட்டிருந்தால் இன்னும் நல்ல ஆசிரியராக இருந்திருப்பார்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

“அதுக்கப்புறம் எந்த விழாவுக்குப் போனாலும் அப்பா வாசப்படியிலேயே நெத்தியத் துடைச்சிட்டுத்தான் போவாக” என்றேன். “வேட்டி நுனியால. யாரும் பாக்கல்லன்னு நெனச்சுக்கிட்டு. பெறகு ஒரு நா டிவில அவுகளக் காட்டுதான். ஏதோ ஒரு கோயில். நெத்தி நெறயப் பூசிக்கிட்டு அப்படியே வெளிய வந்து, அப்படியே பெரிய பெரிய ஆளுககூட உக்காந்து பேசுதாக. அப்பா சேர விட்டு எந்திரிச்சு நின்னு பாத்தாக. அதுக்கப்புறம் அப்பா தொடைக்கல. சாகுத வரைக்கும் தொடைக்கல.”

ஜைனப் என் பக்கம் திரும்பி நின்றாள்.

“அப்பா போனப்பறம் அம்மா மூணு மாசம் பேசல. உனக்குத் தெரியும். காப்பி வச்சாக் குடிப்பா, வைக்காட்டி கேக்க மாட்டா. ஒரு நா டிவில அவுக பேசிக்கிட்டு இருந்தாக. இந்தில. கூடவே ஒருத்தர் தமிழ்ல சொல்லிக்கிட்டு வந்தாரு. அம்மா திரும்பி உக்காந்து கேட்டா. முழுசும் கேட்டா. ‘இந்த மனுசன் பேச்சுல ஒரு நிதானம் இருக்கு, உங்கப்பா பாடம் நடத்துத மாதிரி’ன்னா. ‘காப்பி இருக்கா’ன்னா. மூணு மாசத்துல அவளாக் கேட்ட மொத வார்த்த அது. எனக்கு இதுதான். இத வச்சு யாருகிட்டயும் வாதம் பண்ண முடியாது, தெரியும். ஆனா இதுதான்.”

சொல்லி முடித்ததும் நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

“உங்கப்பா நெத்தி எனக்குப் புரியுது” என்றாள் ஜைனப். “அப்படிச் சொன்னவனக் கண்டா நானே நாலு கேப்பேன். ஆனா எங்க வாப்பா இப்ப வடக்க ரயில்ல போனா மதுர தாண்டுனதும் தொப்பியக் கழட்டிப் பையில வச்சிருதாக. யாரும் வைக்கச் சொல்லல. இவுகளா வைக்காக. முன்னால அப்படி இல்ல. உங்கப்பா தொடைக்கறத நிறுத்துன வருசமும் வாப்பா கழட்ட ஆரம்பிச்ச வருசமும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கும்.”

“அதுக்கு அவுக என்ன செய்வாக?”

“நீ அந்தப் பேச்ச இந்தில கேட்டியா?”

“எனக்கு எங்க இந்தி தெரியும்.”

“எனக்குத் தெரியும். ஒம்பதாவது வரைக்கும் தம்மாம்ல இந்திதான் படிச்சேன்.” அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். “நீ விரும்புறது அவுகள இல்லட்டி. தமிழ்ல சொல்லுதாரே, அந்த மொழிபெயர்ப்பாளர. அவருக்கு நல்ல குரலு. நிதானமான ஆளு. நானே அவருக்கு ஓட்டுப் போடுவேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. ஒரு நிமிடம் பழையபடி இருந்தோம்.

“மூலம் தெரியாமத்தான நாம படிச்ச அத்தன பேரையும் நேசிச்சிருக்கோம்” என்றேன். “ரஷ்ய பாஷையா தெரியும் உனக்கு?”

“அவுக எல்லாம் செத்துப் போனவுகட்டி. அந்த எழுத்தாளருக ஜெயிச்சா எங்க வீட்டுல டிவிய அமத்த வேண்டாம்.” அவள் சிரிப்பு நின்றுபோயிருந்தது. “போன மாசக் கூட்டம் ஒண்ணு, நீயும் கேட்டிருப்ப. இந்தில எங்களச் சொல்லுததுக்கு ஒரு வார்த்த சொன்னாரு. நான் நிமிந்து உக்காந்துட்டேன். தமிழ்ல சொன்னவரு ஒரு நொடி தயங்குனாரு. தயங்கிட்டு ‘சிலர்’ன்னாரு. ‘சிலர் அப்படித்தான் இருப்பார்கள்’ன்னாரு. நீ அந்தச் ‘சிலர’க் கேட்டியா?”

கேட்டிருந்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தோடு கேட்டிருந்தேன். அந்தத் தயக்கம்கூட நினைவிருந்தது. சொல் கிடைக்காமல் தடுமாறுகிறார் போல, பாவம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

“அந்தச் சிலர் நாங்கதான்” என்றாள் ஜைனப். “அங்கன உக்காந்திருக்குல்லா, உனக்குத் தனிச் சட்டியில சாதம் கிண்டுன கெழவி, அதுவும்தான்.”

படியில் உம்மா பேத்தியின் இடுப்பிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் என் மனதில் அவர் மேல் இருந்த மரியாதை விழுந்து உடைந்திருக்க வேண்டும். நாவலாக இருந்தால் உடைந்திருக்கும். உடையவில்லை. அப்பா சேரிலிருந்து எழுந்து நின்றது அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் வாப்பாவின் பையும், பைக்குள் மடித்த தொப்பியும் வந்து உட்கார்ந்தன. இரண்டில் ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடும் என்று காத்திருந்தேன். தள்ளவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“எனக்குத் தெரியாது ஜைனப்” என்றேன். “அந்த வார்த்தைய நான் கேக்கல. கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னும் தெரியல. இப்பக் கேட்டப்பறமும் தெரியல.”

“நெசமாச் சொல்லுத” என்றாள் அவள். பாராட்டா குற்றச்சாட்டா என்று பிரிக்க முடியவில்லை.

“சாரல்னு நெனச்சது உன் தப்பு இல்ல. அப்படி நெனைக்கட்டும்னுதான் அந்த வார்த்தைய எடுத்தேன்.”

“அது எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீ வார்த்தைய எப்படிப் பொறுக்குவன்னு எனக்குத் தெரியாதா.”

கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ரூம்பு?”

அவள் பர்தாவின் ஓரத்தை இழுத்து விரலில் சுற்றினாள்.

“வாப்பா உங்கூடன்னாத்தான் அனுப்புவாக. நீ இல்லன்னா நான் வீட்டுல கெடக்கணும், அடுத்த வருசம் யாருக்காவது கட்டிக் குடுத்துருவாக. அதனால உங்கூடத்தான் வரணும்.” என் முகத்தைப் பார்த்தாள். “நேத்து வரைக்கும் நான் ஆசப்பட்டு வந்தேன் வித்யா. இனிமே வேற வழி இல்லாம வாரேன். அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.”

“நான் வேணும்னா வாப்பாகிட்ட வந்து பேசுதேன். நீ தனியாப் போனாலும் பயம் இல்லன்னு…”

“ஏன் தனியான்னு கேப்பாக. என்ன சொல்லுவ? நெசத்தையா? நெசத்தச் சொன்னா எனக்குத் திருவனந்தபுரமும் இல்ல, நீயும் இல்ல.” அவள் நேராக நின்றாள். “யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாத. உம்மாகிட்டயும்தான். இலத்தூர்ல தூறிச்சு. அவ்வளவுதான்.”

“நான் அதச் சொல்லக்கூடாதுன்னுதான இப்ப உங்கிட்ட…”

“உன் பாரத்த எறக்கி வச்சாச்சு. இப்ப எனக்காகத் தூக்கு.”

உம்மா எங்களைக் கூப்பிட்டார். மரத்தடியில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாடன் தூக்குச்சட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். குரங்குகளை விரட்ட மைனி கையில் ஒரு குச்சி. எனக்கென்று வைத்திருந்த சட்டி புத்தம் புதுசு. ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. உம்மா இலையில் சாதத்தைப் போட்டு, மேலே ஒரு அப்பளத்தை வைத்தார்.

“எம்புட்டு நேரம்தான் பேசுவீக? திருவனந்தபுரத்துல போயிப் பேசக் கொஞ்சம் மிச்சம் வைங்கட்டி” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லல நீ. இவன் கேலி பண்ணிக்கிட்டே இருக்கான். தூறிச்சா, இல்லயா?”

மாடன் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். குழந்தைகள் திரும்பினார்கள். ஜைனப் மட்டும் தன் இலையில் இருந்த கறித்துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“தூறிச்சு உம்மா” என்றேன். “நல்லாவே தூறிச்சு.”

“நான்தான் சொன்னேம்லா!” என்று உம்மா மாடனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி சாதத்தை என் இலையில் வைத்தார். போதும் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். புளிப்பு சரியாக இருந்தது. உப்பும் சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஜைனப்பிடமிருந்து செய்தி வந்தது. விடுதியில் அறையை உறுதிசெய்துவிட்டாளாம். இரண்டாவது மாடி, இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். எந்தப் பக்கத்துக் கட்டில் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. ஜூலை ஒன்றாம் தேதி போக வேண்டும்.